காணாத காசுக்கும் கணக்கு உண்டு

பண்டமாரான் வாசகர்களே! "பிட்காயினில் போடுங்கள், இரட்டிப்பாகும்" என்ற பேச்சை நம்பிச் சேமிப்பை இழந்தவர் உங்கள் வீட்டில் உண்டா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பிட்காயின் கைமாறும் ஒவ்வொரு முறையும் அழியாத பொதுக் கணக்கேட்டில் பதிவாகிறது. காசு போன முகவரி கிடைத்தால், இத்துறை பழகாத போலீஸ்காரரும் தேடத் தொடங்கலாம்.

முகவரி யாருடையது என்பதும் முக்கியம். 2021 ஜனவரியில் பெங்களூரு போலீசார் 31 பிட்காயின்களைக் கைப்பற்றியதாக அறிவித்தார்கள். கைதி காட்டிய கணக்கோ ஒரு நாணயமாற்று நிறுவனத்துடையது என்று பிறகு தெரிந்தது. இரகசியச் சாவி அவரிடம் இல்லை!

ஆகவே கைத்தொலைபேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். முகவரியை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதுங்கள். வங்கி ரசீதையும் சேர்த்துப் போலீசில் புகார் கொடுங்கள். வங்கி வழியே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள்.