மூடியையும் சோதியுங்கள்

எஞ்சின் சூடேறினால் கூலன்ட்டை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவதே நம் வழக்கம். அளவு குறைந்ததை மட்டும் பார்க்கிறோம், அழுத்தம் போனதைப் பார்ப்பதில்லை. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் சுமார் 1 பார் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால் 120 டிகிரிவரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் அந்த இருபது டிகிரியும் போயிற்று. கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலுள்ள ஊட்டியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதிக்கும். பல கார்களில் எஞ்சின் இயல்பாக ஓடும் சூடே கிட்டத்தட்ட அதுதான்.

அழுத்தம் எங்கே கசிகிறது என்பதை அழுத்தம் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைக் கழற்றி, அந்த வாயில் கேஜ் உள்ள கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுவரை மட்டும் அடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முள் இறங்கினால் ஹோஸ் கிளிப்புகளையும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதைச் சுற்றிப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் பம்ப்பின் சீல் தேய்ந்திருக்கிறது. முள் அசையவே இல்லை என்றாலும் சோதனை முடிந்துவிடவில்லை. கைப்பம்பை மாட்டியது மூடி இருந்த இடத்தில். ஆகவே மூடி சோதிக்கப்படவே இல்லை. அதை அடாப்டரில் பொருத்தித் தனியே அடித்துப் பார்க்க வேண்டும். பல வொர்க்‌ஷாப்புகளில் விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான், இத்தனைக்கும் மாற்றுவதற்கு மிக மலிவான பாகம் இதுவே.

வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லையே என்று கேட்கலாம். சூடான இரும்பில் விழும் சொட்டு தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். ஹீட்டரில் கசிந்தால் காருக்குள் இனிப்பு வாசனை வரும், காலடி விரிப்பு நனையும். வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் மட்டும் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றைச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். டாஷ்போர்டில் சூடு இயல்பாகத்தானே காட்டுகிறது என்பதும் சமாதானமாகாது. கூலன்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. ஓட்டை அடைக்கும் பவுடரோ ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கக்கூடியது. எதைச் செய்வதானாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் விலகிய கணமே உள்ளிருக்கும் நீர் கொதித்து முகத்தில் பீறிடும்.