தண்டரையிலிருந்து கொலாபா வரை: கணித மேதை எம்.எஸ். நரசிம்மன்

மும்பைத் தமிழர் என்றதும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், மாட்டுங்காவில் மெஸ் நடத்தியவர்கள், சபா வளர்த்தவர்கள் என்று ஒரு வரிசை நம் நினைவுக்கு வரும். அந்த வரிசையில் நாம் அதிகம் பேசாத சிறு கூட்டம் ஒன்று உண்டு. அவர்களும் அதே காலத்தில் சென்னையிலிருந்து இங்கே வந்தவர்கள்தாம். ஆனால் ஆபீஸ் வேலைக்காக அல்ல. கணிதம் ஆராய்வதற்காக வந்தார்கள். அவர்களுள் தலையாயவர் பேராசிரியர் எம்.எஸ். நரசிம்மன்.

மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய அதே 1932-ஆம் ஆண்டில், ஜூன் 7-ஆம் நாள், வட ஆர்க்காடு பகுதியில் தண்டரை என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். முழுப்பெயர் முடும்பை சேஷாசலு நரசிம்மன். ஐந்து குழந்தைகளில் மூத்தவர். மூத்த பிள்ளை படித்து முடித்ததும் சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய குடும்பங்களின் எழுதாத சட்டம். அப்படியிருக்க, ஒரு கிராமத்துப் பையன் கணித ஆராய்ச்சிக்குப் போனது எப்படி? அதற்குக் காரணம் ஓர் ஆசிரியர்.

ஆசிரியர் காட்டிய வழி

சென்னை லயோலா கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்தவர் பாதிரியார் சார்லஸ் ராசின். பிரான்ஸ் நாட்டு ஏசு சபைத் துறவி. பாரிஸில், வகையீட்டு வடிவியலின் பெரும் ஆசானாகிய ஏலி கார்த்தானிடம் பயின்றவர். பழைய பாடத்திட்டத்துக்கு அப்பால் ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று மாணவர்களுக்குச் சொன்னவர். அவரிடம் படித்த நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953-இல் ஒன்றாகப் பம்பாய் வந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். இன்று கொலாபாவில் கடலோரம் நிற்கும் கட்டடம் அப்போது இல்லை. அது 1962-இல்தான் திறக்கப்பட்டது. அன்று நிலையம் இயங்கியது கேட்வே அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில்.

அங்கே கணிதப் பிரிவை வளர்த்தவர் கே. சந்திரசேகரன். உலகின் முதல்தரக் கணித அறிஞர்களை வரவழைத்து இளைஞர்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னார். பாடத்தைக் குறிப்பெடுத்து நூலாக்கும் பொறுப்பு மாணவர்களுடையது. எழுதினால்தான் புரியும் என்ற நம்ம ஊர்ப் பழைய முறைதான் அது!

1957-இல் லோரான் ஷ்வார்ட்ஸ் அழைப்பில் நரசிம்மன் பாரிஸ் சென்றார். அங்கே நுரையீரல் உறை அழற்சி வந்து மருத்துவமனையில் படுத்தார். உண்மையான பிரான்ஸைத் தாம் பார்த்தது அங்கேதான் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். பிறகு இந்தியா திரும்பி, 1960-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

வளைவைப் படிக்கும் கணிதம்

சரி, வகையீட்டு வடிவியல் அப்படின்னா என்ன? ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கலாம், சுருக்கம் விழாது. அதே காகிதத்தைத் தேங்காய்மேல் சுற்றிப் பாருங்கள், சுருங்கும் அல்லது கிழியும். ஏன்? குழாயின் பரப்பு உள்ளுக்குள் தட்டையானது. தேங்காயின் பரப்பு உண்மையாகவே வளைந்தது. இந்த வேறுபாட்டை, பரப்பை விட்டு வெளியே வராமல், அதன்மேல் ஊரும் எறும்புகூட அளந்து கண்டுபிடிக்கலாம் என்று 1827-இல் காட்டினார் கவுஸ். ரீமான் 1854-இல் இக்கருத்தை எத்தனை பரிமாணங்களுக்கும் விரித்தார். 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையை விளக்க எடுத்துக்கொண்ட கருவி இதுதான்.

இன்னொரு சோதனை. பூகோள உருண்டையின் வடதுருவத்தில் ஓர் அம்பை, லண்டன் வழியாக இறங்கும் கோட்டின் திசையில் வையுங்கள். அம்பைத் திருப்பாமல் அந்தக் கோட்டிலேயே நிலநடுக்கோடு வரை நகர்த்துங்கள். அங்கிருந்து கிழக்கே உருண்டையில் கால் சுற்றுப் போய், மறுபடி துருவத்துக்கு ஏறுங்கள். வழியில் எங்கும் நீங்கள் அம்பைத் திருப்பவில்லை. ஆனாலும் அது 90 பாகை திரும்பியிருக்கும்! வளைந்த இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் திசையை எப்படிக் கொண்டுசெல்வது என்ற விதிக்கு ‘இணைப்பு’ என்று பெயர். நரசிம்மனும் எஸ். ரமணனும் 1961, 1963 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், இப்படிப்பட்ட இணைப்புகள் அனைத்தையும் தன்னிலிருந்து வார்த்தெடுக்கத்தக்க தாய் அச்சுப் போன்ற பொது இணைப்பு உண்டு என்று நிறுவினார்கள்.

பம்பாயில் பிறந்த தேற்றம்

நரசிம்மன் பெயரை நிலைநிறுத்தியது 1965-இல் சேஷாத்ரியுடன் சேர்ந்து வெளியிட்ட தேற்றம். மெதுவடையின் மேற்பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை ஒன்றல்ல, இரண்டோ மேலோ இருக்கட்டும். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் அம்புக் கட்டு ஒன்று நிற்பதாகக் கொண்டால் அந்த முழு அமைப்பு ‘திசையன் கற்றை’. அவற்றுள் ‘நிலையானவை’ என்று ஒரு நல்வகையை அமெரிக்காவில் மம்ஃபோர்ட் இயற்கணிதத்தின் வழியாக வரையறுத்திருந்தார். நம்மவர் இருவரும் கண்டது இது: ஓட்டைகளைச் சுற்றி ஒரு சுற்று வந்தால் அம்புகள் எவ்வளவு சுழன்று திரும்புகின்றன என்ற கணக்கு ஒன்றே போதும்; நிலையான கற்றைகள் அத்தனையும் அதிலிருந்தே கிடைத்துவிடும். எங்கோ தனித்தனியாக இருந்த இரு துறைகள் ஒரே பொருளின் இரு முகங்கள் என்று தெரிந்தது.

1983-இல் இங்கிலாந்தின் சைமன் டொனால்ட்சன் இதே தேற்றத்துக்கு வகையீட்டு வடிவியல் வழியில் புதிய நிறுவல் தந்தார். அதைத் தொடர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சிப் பாதையே திறந்தது. 2006-ஆம் ஆண்டின் மன்னர் ஃபைசல் பரிசு நரசிம்மனுக்கும் டொனால்ட்சனுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது பொருத்தந்தானே!

பெருமைகள் வேறு பலவும் வந்தன. 1990-இல் பத்ம பூஷண்; 1996-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1990-களில் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேச மையத்தில் கணிதப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். மனைவி சகுந்தலா நரசிம்மன் கர்நாடக, ஹிந்துஸ்தானி இசை இரண்டிலும் தேர்ந்தவர், பத்திரிகையாளர். மகள் ஷோபனா இயற்பியல் பேராசிரியர். 2021 மே 15 அன்று பெங்களூரில் நரசிம்மன் மறைந்தார்.

நமக்கு என்ன?

விருதுகளைவிடப் பெரியது அவர் தொடர்ந்த குருபரம்பரை. கார்த்தானிடமிருந்து ராசின், ராசினிடமிருந்து நரசிம்மன். அவரிடமிருந்து ரமணன், எம்.எஸ். ரகுநாதன், 31 வயதிலேயே மறைந்த மாமேதை விஜய் குமார் பட்டோடி. நண்பர் சேஷாத்ரியோ சென்னை திரும்பி, 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளி இன்று சென்னைக் கணிதக் கழகமாக நிற்கிறது.

கணக்கு நன்றாக வருகிற பிள்ளையைக் கண்டதும் பொறியியல் பயிற்சி வகுப்பில் சேர்ப்பதே நம் வீடுகளின் வழக்கம். அதில் குற்றமில்லை. ஆனால் விடை வந்த பிறகும் “ஏன் அப்படி வருது?” என்று கேட்கிற பிள்ளை வேறு வகை. அந்தப் பிள்ளைக்கு வேறு கதவுகளும் உண்டு என்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. கணித ஒலிம்பியாட் பணிகளை நடத்தும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், செம்பூரை அடுத்த மான்குர்டில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நுழைவுத்தேர்வு எழுதிச் சென்னைக் கணிதக் கழகத்திலோ, பெங்களூர் இந்தியப் புள்ளியியல் கழகத்திலோ கணிதப் பட்டப்படிப்பில் சேரலாம்.

தண்டரைப் பையனுக்கு வழிகாட்ட ஒரு ராசின் கிடைத்தார். நம்ம பிள்ளைகளுக்கு அந்த வேலையை முதலில் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.