நடுப்பகல் 12 மணிக்கு வருவதில்லை!

"அப்பா, 12 மணிக்கு நிழல் சின்னதாகவே இல்லை!"

இந்த ஆண்டு மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் இருந்து ஓடி வந்து என் மகள் இப்படிச் சொன்னாள். 7-ம் வகுப்பு படிக்கிறாள். ஒரு கோலை நட்டு, அதன் நிழல் எந்த நேரத்தில் மிகக் குறைவாக இருக்கிறது என்று அளந்து எழுதி வர வேண்டும். விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை அது.

"உச்சி வெயில் 12 மணிக்குத்தான். இதை அளந்து வேறு பார்க்க வேண்டுமா? 12 என்று எழுதிவிடு. மார்க் போய்விடப் போகிறது" என்றேன். நான் மெட்ரிக் படித்தவன். ரெயில்வே குமாஸ்தா. நேரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

அவள் நோட்டை நீட்டினாள். 12 மணிக்கு நிழல் 15½ செ.மீ. 12.35-க்கு 5 செ.மீ. அதன் பிறகு மறுபடி வளர்ந்திருக்கிறது. "நான் பார்த்தேனே அப்பா" என்று கண் கலங்கினாள். கண்ணால் பார்த்ததை விட்டுப் பொய் எழுதச் சொன்னவன் நான்தான்.

மெட்ராஸ் நேரம்

எங்கள் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது 82½ பாகை கிழக்கு தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. மும்பை அந்த ரேகைக்கு மேற்கே 9½ பாகைக்கும் சற்று அதிகமாகத் தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே சூரியன் இங்கே உச்சிக்கு வர 39 நிமிடம் தாமதம்.

அப்படியானால் 12.39 அல்லவா வர வேண்டும்? பூமி செல்லும் பாதை சரியான வட்டம் அல்ல. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் கடிகாரத்துக்குச் சில நாள் முந்தும், சில நாள் பிந்தும். மே மாதத்தில் ஏறத்தாழ 4 நிமிடம் முந்துகிறது. மகள் எழுதிய 12.35 சரி!

இந்த 39 நிமிடத்துக்காக பம்பாய்வாசிகள் ஒரு காலத்தில் பிடிவாதம் பிடித்தார்கள். இந்திய நேரம் 1906-ல் வந்தது. பம்பாயோ 1955 வரை தன் சொந்த நேரத்தை விடவில்லை. அதற்கு முன்பு ரெயில்கள் எந்த நேரப்படி ஓடின தெரியுமா? மெட்ராஸ் நேரப்படி! பம்பாய் நேரத்தைவிட அது அரை மணி முந்தியது. இத்தனை வருடம் ரெயில்வேயில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

நிழல் மறைந்தது

மும்பையில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஆண்டுக்கு இரண்டு முறைதான். மே 15, 16 வாக்கில் ஒன்று. ஜூலை 27, 28 வாக்கில் மற்றொன்று. மே 15-ந் தேதி நான் லீவு போட்டேன்.

பக்கத்து வீட்டு ஆசாரி ஒரு பலகையில் மெல்லிய குழாயைச் செங்குத்தாகப் பொருத்தித் தந்திருந்தார். பலகையில் இருந்து குழாயின் நுனி வரை சரியாக ஒரு மீட்டர். ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமன் செய்தார். மேலே வெள்ளைத்தாள். நிழலின் நுனி மங்கலாகத்தான் விழும். அந்த மங்கலின் நடுவில் புள்ளி வைக்க வேண்டும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது. நிழலைப் பார்த்தால் போதும்.

12.35-க்கு குழாயின் நிழல் அதன் காலடிக்குள் போய்விட்டது. குடியிருப்புப் பிள்ளைகள் டம்ளர், வாளி எல்லாம் கொண்டு வந்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, "நிழல் இல்லாமல் நிற்காதேடா" என்று பேரனை இழுத்தார். பிறகு தானும் குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டார்.

ஊரில் ஒரு கோல்

அதே நாளில் திருநெல்வேலியில் என் அக்கா மகனும் ஒரு மீட்டர் கோல் நட்டிருந்தான். "மாமா, 12.16-க்குத்தான் ரொம்பக் குறைச்சல். 18 செ.மீ. தெற்கே விழுது" என்று போனில் சொன்னான். நெல்லை மும்பைக்குக் கிழக்கே இருப்பதால் உச்சிப்பொழுது அங்கே முன்னாலேயே வந்துவிடுகிறது.

மகள் அதை நோட்டில் பத்தில் ஒரு பங்காக வரைந்தாள். கோல் 10 செ.மீ., நிழல் 1.8 செ.மீ. இரண்டு நுனிகளையும் கோடு போட்டுச் சேர்த்தாள். கோலின் உச்சியில் பாகைமானியை வைத்தால் 10 பாகை. மும்பையில் சாய்வே இல்லை. நெல்லையில் 10 பாகை சாய்வு. வெகு தூரத்தில் இருந்து வரும் சூரியக் கதிர்கள் இரண்டு ஊருக்கும் இணையாகவே வருகின்றன. ஆகவே இந்தச் சாய்வு பூமியின் வளைவால் வந்தது.

இனி தூரம் வேண்டும். டிக்கெட்டில் உள்ள கிலோ மீட்டரைச் சொன்னேன். மறுபடியும் தப்பு! ரெயில் புனே, சோலாப்பூர், குண்டக்கல் என்று வளைந்து போகிறது. தேசப்படத்தில் தெற்கு வடக்காக மட்டும் அளந்தாள். சுமார் 1,140 கி.மீ. 10 பாகைக்கு இவ்வளவு என்றால் 360 பாகைக்கு 36 மடங்கு. 41,040 கி.மீ. வந்தது.

துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துச் செய்த கணக்கும் இதே முறைதான். பாகைமானியில் அரைப் பாகை தப்பினாலே 2,000 கி.மீ. மாறிவிடும். அதை எண்ணினால் எங்கள் பிள்ளைகள் மோசமில்லை.

நம்மில் பலர் வீட்டில் மே மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறோம். ஒரு கோல் இங்கே, ஒரு கோல் அங்கே. செலவு ஒன்றும் இல்லை. சென்னையில் நிழல் மறைவது ஏப்ரல் 24, 25 வாக்கில். திருநெல்வேலியில் ஏப்ரல் 12, 13 வாக்கில்.

ஜூனில் பள்ளி திறந்தது. நோட்டில் இருந்த 12.35 மீது சிவப்பு மையில் கேள்விக்குறி விழுந்தது. மகள் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் விளக்கினாள். "ஜூலை 27-ந் தேதி இங்கேயே பார்த்துவிடலாம்" என்று டீச்சர் சொன்னார். மும்பை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அன்று சூரியனே வரவில்லை. பலகை இப்போது எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வருகிற மே 15-ந் தேதி மாடிக்கு வருவதாக டீச்சர் சொல்லி இருக்கிறார்.