அணுக்களின் கணக்கு – 9: இருபதரை கிராம்

வயிற்றுப்போக்கின்போது கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டருக்கானது, மருந்துக் கடையில் கிடைத்தால் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த அளவென்றால், சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 என்று போட்டிருக்கும். மொத்தம் 20.5 கிராம்.

இந்த எண்களை யாரும் கிராமில் யோசித்து எழுதவில்லை. குடலின் உட்சுவரில் ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் பின்னாலேயே போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. அந்தப் புரதத்துக்கு எடை தெரியாது, எண்ணிக்கைதான் கணக்கு. அதனால் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல் என்று சரிசமமாக வைத்தார்கள். தராசிலோ கிராம் மட்டுமே உண்டு. சென்ற வாரம் பார்த்த மோல், அதாவது துகள்களை எண்ணும் அலகு, இங்கேதான் வேலைக்கு வருகிறது.

குளுக்கோஸில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. அணு நிறைகளைக் கூட்டினால் 72 + 12 + 96 = 180. ஒரு மோல் 180 கிராம். 75 மில்லிமோல் என்பது 0.075 மோல், 180ஆல் பெருக்கினால் 13.5 கிராம். அவ்வளவுதான்.

உப்புக்கு வாருங்கள். ஒரு மோல் 58.5 கிராம். 2.6 கிராமை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 45 மில்லிமோல்தான் வருகிறது. மீதி 30 எங்கே? சிட்ரேட்டில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று சோடியம்; 10 மில்லிமோல் போட்டால் 30 கிடைத்துவிடும். இவ்வளவு கச்சிதமான கணக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டைஹைட்ரேட் என்றால் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. நீரில்லாத சிட்ரேட்டின் மோலார் நிறை 258, நீரோடு 294. அதே 10 மில்லிமோலுக்கு ஒன்றில் 2.58 கிராம், மற்றதில் 2.94. குளுக்கோஸ் மோனோஹைட்ரேட்டாக இருந்தால் 13.5 போதாது, 14.85 வேண்டும். பெருக்கல் யாருக்கும் வரும்; முதலில் பாட்டிலின் லேபிளை முழுதாகப் படிக்க வேண்டும்.

இப்படி நிறுத்துக் கலந்தது உயிர் காத்த கதையும் உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நிறுத்துத் தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை போன சாவு, 4க்கும் கீழே இறங்கியது.

வீட்டில் செய்ய வேண்டியது இது: ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதியைக் கொட்டி டம்ளரில் கலக்காதீர்கள். மேலே சர்க்கரையும் சேர்க்காதீர்கள். 200 மில்லி பாக்கெட்டும் விற்கிறார்கள், அளவைப் பார்த்து வாங்குங்கள்.

(தொடரும்)