கம்பி நீட்டிய வீடுகள்

நம்ம நகரங்களின் விளிம்புத் தெருக்களில் நடந்தால் பல வீடுகளின் மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். துருப்பிடிக்காமலிருக்கச் சிமெண்ட் பால் பூசி வைத்திருப்பார்கள். நகர அழகு பற்றிக் கவலைப்படுகிற கனவான்களுக்கு அது அசிங்கம். வீட்டுக்காரரைக் கேட்டால், 'பையனுக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு ரூம் போடணும்ல' என்பார். அதாவது அந்தக் கம்பி ஒரு வரைபடம். சீட்டு எடுத்த வருஷம் சுவர், நகையை அடகு வைத்த வருஷம் கூரை, அதை மீட்டபிறகு பூச்சு என்று பத்துப் பதினைந்து வருடங்களில் எழும்புவதுதான் நம்மில் பலருடைய வீடு. அரசும் கட்டடக்கலைப் படிப்பும் 'வீடு' என்று சொல்வது வேறொன்றை: சாவி கொடுக்கிற நாளில் முடிந்துவிடுகிற ஒரு பொருளை.

வீட்டைப் பெயர்ச்சொல்லாக அல்ல, வினைச்சொல்லாகப் பார்க்க வேண்டும் என்று 1972-இல் எழுதியவர் ஜான் டர்னர். பெருவின் லிமா நகரத்துச் சேரிகளில் வேலை செய்த அனுபவத்திலிருந்து அவர் இதைச் சொன்னார். அதற்கு முன்பே, 1961-இல், ஹாலந்தைச் சேர்ந்த ஹாப்ராகன் இன்னொரு பிரிவினையை முன்வைத்திருந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவான, நீண்ட காலம் நிற்க வேண்டிய தாங்கும் பகுதி ஒன்று. குடியிருப்பவர் தன் தேவைக்கேற்ப நிரப்பி, கலைத்து, மறுபடி நிரப்பிக்கொள்கிற பகுதி இன்னொன்று. இரண்டின் மீதும் ஒரே கை அதிகாரம் செலுத்தக் கூடாது என்பது அவர் வாதம். நெகிழ்வான வீடு என்றால் எல்லாமே நெகிழ்வது என்று அர்த்தமில்லை. எது இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைச் சரியாகத் தீர்மானிப்பதுதான் அதன் வடிவமைப்பு.

சிலி நாட்டின் இக்கிகே நகரத்தில் 2004-இல் முடிந்த கின்டா மொன்ராய் குடியிருப்பு இதற்கு நல்ல உதாரணம். நகரத்தின் நடுவில் அரை ஹெக்டேர் நிலம். ஏறத்தாழ நூறு குடும்பங்கள் முப்பது வருடங்களாக அதை ஆக்கிரமித்து வாழ்ந்துவந்தன. நிலம், குழாய், கட்டடம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு 7,500 டாலர்தான் மானியம். அந்த நிலத்தின் விலையோ ஏழைகள் வீட்டுத் திட்டங்கள் வழக்கமாகத் தரக்கூடியதைப் போல மூன்று மடங்கு. மலிவான நிலம் தேடி ஊருக்கு வெளியே போவதுதான் எங்கும் நடப்பது. அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு நிலத்தை விடவில்லை, வீட்டைப் பாதியாக்கியது. சுமார் 36 சதுர மீட்டர் கட்டிக் கொடுத்தார்கள்; சுமார் 70 வரை வளர்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பாதி என்பதுதான் விஷயம். அஸ்திவாரம், பக்கத்து வீட்டோடு பகிர்கிற தடுப்புச் சுவர், மாடிப்படி, சமையலறை, குளியலறை, குழாய்கள். தனிக் குடும்பம் தன் கைக்காசிலும் கொத்தனாரை வைத்தும் சரியாகச் செய்ய முடியாதவை அனைத்தும் அரசின் பாதி. அவற்றையும் 36-க்கு அல்ல, 70-க்குத் தாங்கும்படி செய்தார்கள். மேல்தளத்து வீடுகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டார்கள். ஒருவர் அறை இழுத்தால் அது அந்த வெற்றிடத்துக்குள்தான் வளரும். அடுத்த வீட்டின் வெளிச்சத்தைத் தின்னாது. (மழையே பார்க்காத பாலைவனக் கடற்கரை அது. ஐப்பசி அடைமழையில் ஊறுகிற நம் ஊரில் கூரையைத் திறந்துபோட்டு மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. இங்கே கூரையும் முதல் பாதியில்தான் சேரும்.)

இது நமக்குப் புதிதும் அல்ல. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில் சென்னை அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனை பிரித்து, தண்ணீர், கழிப்பறை, சில வகைகளில் ஓர் அறை மட்டும் கொடுத்து, மிச்சத்தை மக்களிடம் விட்டார்கள். எண்பதுகளில் இந்தோரின் அரண்யாவில் பி.வி. தோஷி இதையே இன்னும் நுட்பமாகச் செய்தார். அங்கே ஆகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்றுச் சிறியவற்றின் விலையைக் குறைத்தார்கள். ஆனால் இவ்வகைத் திட்டங்களுக்கு விரைவிலேயே தோல்வி என்று பெயர் வைத்தாயிற்று: குடியேற்றம் மெதுவாக நடக்கிறது, ஏழைகள் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்று. சென்னையிலும் மும்பையிலும் அந்த இடங்களுக்கு மறுபடி போய்ப் பார்த்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அவை வசதிகளுள்ள, பலதரப்பட்டவர்கள் வாழ்கிற பகுதிகளாக வளர்ந்திருப்பதைச் சொன்னது. அளந்தவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள், இருபது வருஷத்தில் வளர்கிற ஒன்றை ஐந்து வருஷ அளவுகோலால் அளந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி நியாயமானது. டர்னரை மார்க்சிய நோக்கில் விமர்சித்த ராட் பர்ஜெஸ் இதைக் கேட்டார். மக்களே கட்டிக்கொள்ளட்டும் என்பது உழைத்துக் களைத்தவரின் ஓய்வு நேரத்தையும் கூலியில்லாத உழைப்பாக்குகிற ஏற்பாடு அல்லவா? கூலி உயராமல், நில விலை இறங்காமல், வீட்டுப் பிரச்சினையைக் குடும்பத்தின் தலையில் கட்டுவது அல்லவா? டர்னரின் சொல்லாடலை உலக வங்கி அவ்வளவு ஆசையாக எடுத்துக்கொண்டதிலேயே பதில் இருக்கிறது. பாதி வீடு என்கிற பெயரில் அரசு கம்பி நீட்டிவிடலாம். அதற்கு நம் மொழியில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே! அந்த இரண்டாம் பாதியில் மண் சுமப்பதும் தண்ணீர் பிடிப்பதும் பெரும்பாலும் பெண்கள் என்பதை விமர்சகர்களேகூட அதிகம் பேசவில்லை.

ஆனால் இதற்கு மாற்றாக நமக்குக் கிடைத்தது முழு வீடு என்று யாரும் சொல்ல வேண்டாம். 2000 முதல் கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்கு ஊரின் தெற்கு விளிம்பில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்குமாடிகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. மானியம் நிலத்துக்குப் போகாமல் கான்கிரீட்டுக்குப் போனது. ஏழாவது மாடியில் ஒரு செங்கல் கூட்ட முடியாது. வாசலில் இட்லிக்கடை போட முடியாது. பையனுக்குக் கல்யாணம் ஆனால் குடும்பம் உடைய வேண்டும், அல்லது ஒற்றை அறையில் நெருங்க வேண்டும். லிஃப்ட்டும் மோட்டாரும் மின்சாரம் இருக்கிறவரைதான். நிலைத்த வளர்ச்சி என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதை இங்கே வைத்துப் பார்க்கலாம்: வேலைக்குப் போக இருபது கிலோமீட்டர் பேருந்து, தண்ணீர் ஏற மோட்டார்.

வாரியத்தின் பழைய மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளில் வேறொன்று நடந்தது. தரைத்தளத்துக்காரர் முன்னால் ஓர் அறை இழுப்பார். மேல்வீட்டுக்காரர் அவரோடு பேசி, அதன் தளத்தின் மேல் தன் அறையை ஏற்றுவார். சட்டப்படி அத்துமீறல். அஸ்திவாரம் அதை எதிர்பார்க்காததால் ஆபத்தும்கூட. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் பெயர் மாறியது. பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு உயரமான கட்டடங்களாக மறுகட்டப்படுகின்றன. அந்தக் கூட்டங்களில் எத்தனை சதுர அடி என்பதோடு இவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: அதே இடமா? எத்தனை மாடி? இழுக்கப்போகிற அறைக்கு அஸ்திவாரம் இப்போதே உண்டா? அதன் செலவு யாருடையது?