மூக்கு எச்சரிக்காத தூசி

மங்களூர்: கடலூர் மாவட்டத்தின் மேற்கே, மங்களூர், நல்லூர் ஒன்றியங்கள் உள்ள பகுதியில் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர் விருத்தாசலம். அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் எனப் பல பொருள்கள் இங்கே உருவாகின்றன. இத்தகைய தொழிலில் மூச்சு வழியே உடலுக்குள் போகும் ஆபத்துகள் இரண்டு. ஒன்று, வண்ணம் பூசும்போது வரும் தின்னர் ஆவி; அதற்கு நெடி உண்டு. மற்றொன்று, பீங்கான் தூசி; அதற்கு இல்லை.

தின்னர் என்ன செய்யும்?

எனாமல் பெயின்டைக் கரைக்கும் தின்னரில் பெரும்பாலும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அவற்றின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், காற்றோட்டம் இல்லாத அறையில் தரையோரம் தேங்கும். சிறிது நேரத்தில் மூக்குக்கு அந்த நெடி பழகிவிடும். நெடி தெரியவில்லை என்பதற்காக ஆவி போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்வதும், டப்பாவை உடனுக்குடன் மூடுவதும் அவசியம்.

தூசி ஏன் இன்னும் கொடியது?

பீங்கான் கலவையில் களிமண், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு குவார்ட்ஸ் தூளும் சேர்கிறது. குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா. தூள் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும், காய்ந்த, இன்னும் சுடாத பாண்டத்தின் பிசிறைச் சுரண்டும்போதும், தரையில் உலர்ந்த மண்ணைப் பெருக்கும்போதும் இது காற்றில் கலக்கிறது. 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் அடியாழம் வரை செல்லும். கண்ணுக்குத் தெரியாது, இருமலையும் உடனே தராது. அவற்றை விழுங்கும் காவல் செல்கள் மடிய, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு பரவப் பரவ நுரையீரல் விறைத்துப்போகும். இதுவே சிலிகோசிஸ்.

பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்த பிறகே மூச்சு வாங்கத் தொடங்கும். தூசி மிக அதிகமென்றால் சில ஆண்டுகளே போதும். விழுந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. படிக சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் வகைப்படுத்தியது.

சுட்டு முடித்த பீங்கானை வீட்டில் பயன்படுத்துவோர் அஞ்ச வேண்டியதில்லை. அதை அறுத்தாலோ தேய்த்தாலோதான் மீண்டும் தூசி கிளம்பும்.

எப்படித் தடுப்பது?

உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூள் கொட்டும் இடத்திலேயே தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி தேவை. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தோடு படியும் என்95 முகக்கவசமாவது வேண்டும். அதுவும் தின்னர் ஆவியைத் தடுக்காது. வேலைத் துணியை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே மாற்றுவது குடும்பத்துக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிஸை அறிவிக்கத்தக்க நோய்களில் சேர்த்தது. அதைக் கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஈ.எஸ்.ஐ. சட்டமும் இதைத் தொழில்சார் நோயாக ஏற்றது.

ஆனால் எக்ஸ்ரேயில் இது காசநோய் போலத் தோன்றுவதால், நோயாளி காசநோய் மாத்திரையோடு திரும்பிவிடுவது உண்டு. ஆகவே இருமலோடு வருபவரிடம் "என்ன வேலை, எத்தனை வருஷமா?" என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தொழிலாளி தானே முன்வந்து சொல்ல வேண்டும். நோயின் பெயர் சரியாகப் பதிவானால்தான் இழப்பீடும் கிடைக்கும், பட்டறையின் தூசியும் கணக்குக்கு வரும்.