வில் செய்யப் பழகுவோம்

எங்கள் நகரத்துச் சமூக மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு வகுப்பு நடக்கிறது. ஆங்கில வகுப்பாகவோ தையல் வகுப்பாகவோ இருக்கும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படியில்லை, மரத்தில் வில் செய்யும் வகுப்பு. கிழமை நாட்களில் நான் உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். இரண்டு வருடமாக இந்த வகுப்புக்குப் போய் வருகிறேன். இப்போது அங்கு புதிதாக வரும் எம்மவர்களுக்கு ஆசிரியர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லிக் கொடுப்பதும் என் பங்கு. இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து குடியமர்ந்திருக்கும் உறவுகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டவர்களுக்கு வில் என்பது வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல. ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் உடல் வலுவுள்ள ஆண்கள் வில் பயில வேண்டும் என்று 1363 இல் மூன்றாம் எட்வேர்ட் மன்னர் கட்டளையிட்டார். 1415 இல் அஜின்கோர்ட் போரில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்ததில் நீண்ட வில்லுக்குப் பெரும் பங்கு உண்டு. 1545 இல் மூழ்கிய மேரி றோஸ் என்ற போர்க்கப்பலை 1982 இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அந்தக் கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. போர்ட்ஸ்மவுத் நகர அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். உங்கள் வேலைத்தலத்தில் போயர், பிளெச்சர் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் இருப்பார்கள். முதலாவது வில் செய்பவர், இரண்டாவது அம்பு செய்பவர் என்று பொருள்.

எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று. நல்ல வில்லுக்கு உகந்தது யூ என்ற மரம். பழைய தேவாலய முற்றங்களில் கடும் பச்சையாக நிற்கும். ஆனால் நாட்டுக்குத் தேவையான அளவு நல்ல யூ மரம் இங்கு கிடைக்கவில்லை. அதனால், சரக்குக் கொண்டு வரும் கப்பல்கள் ஒவ்வொரு தொன் சரக்குக்கும் நான்கு வில்மரம் கொண்டுவர வேண்டும் என்று 1472 இல் சட்டம் போட்டார்கள். இங்கிலாந்தின் பேர்போன வில்லில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்த மரம்தான். வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்னபோது எம்மவர் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இனி வேலைக்கு வருவோம். யூ மரம் விலை கூடியது, நச்சுத்தன்மையும் உள்ளது. ஆகவே பழகுபவர்களுக்கு ஆஷ் மரம் கொடுக்கிறார்கள். நன்றாகக் காய்ந்ததாய், முடிச்சில்லாததாய், ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுவதாய் இருக்க வேண்டும். நீளம் ஏறத்தாழ எங்கள் உயரம். நடுவில் கைபிடிக்குத் தடிப்பாக விட்டு, இரு கைகளும் நுனி நோக்கி ஒடுங்கிப் போகும்படி கோடு கீறி, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் தன்பக்கம் இழுத்துச் சீவ வேண்டும்.

வில்லுக்கும் முதுகு, வயிறு உண்டு. எய்பவரைப் பார்ப்பது வயிறு, இலக்கைப் பார்ப்பது முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசிபடும். முதுகில் ஒரு ரேகை வெட்டுப்பட்டாலும் அந்த இடத்தில்தான் மரம் பிளக்கும். எனவே முதுகைத் தொடாதீர்கள், சீவுவதெல்லாம் வயிற்றில் மட்டும். முதல் நாள் நான் மூன்று தடவையாவது சொல்லுவது இதைத்தான்.

அடுத்து வருவதுதான் வில் செய்வதன் உயிர். வில்லைச் சுவரில் ஒரு தாங்கியில் மாட்டி, நீளமான நாண் கட்டி, கப்பி வழியாக ஓடும் கயிற்றைத் தூரத்தில் நின்று சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். முறிந்தால் முகத்தில் அடிக்காமல் இருப்பதற்காகவே தூரம். இரு கைகளும் ஒரே அளவாக வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். வளையாத இடத்தில் கொஞ்சம் சுரண்டு. கூட வளைகிற இடத்தில் கை வைக்காதே. சுரண்டிய பிறகு இருபது முப்பது தடவை இழுத்து விட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். மரம் தன் மாற்றத்தைக் காட்ட நேரம் எடுக்கும். தொழிற்சாலையில் நிமிடத்துக்கு இத்தனை பெட்டி என்று ஓடிப் பழகிய எங்களுக்கு இந்தப் பொறுமை முதலில் கஷ்டம்தான். புதியவர்களுக்கு முப்பது இறாத்தல் இழுவை, அதாவது 13 அல்லது 14 கிலோ, போதுமானது. எப்படிக் கவனித்தாலும் சில விற்கள் முறியும். அப்போது எல்லாரும் எழுந்து கைதட்டுவது எங்கள் வகுப்பு வழக்கம்.

இந்த வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத ஒருவர் வந்திருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரில் தச்சு வேலை செய்தவர். ஆங்கிலம் அறவே வராது. முதல் நாள் மூலையில் பேசாமல் இருந்தவர், மொட்டையாகக் கிடந்த சீவுளியைக் கண்டதும் எடுத்துத் தீட்டத் தொடங்கினார். ஆசிரியர் அதை வாங்கித் தன் கை மயிரில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆயுதப் பெட்டி முழுவதையும் அவர் முன் கொண்டுவந்து வைத்தார். இப்போது வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று அவரிடம் கத்தி தீட்டுவிக்கிறார்கள். "சாப்", "ஸ்லோ", "அகெய்ன்" என்ற மூன்று சொற்களோடு தொடங்கியவர், இன்று சாடையாக ஆங்கிலம் கதைக்கிறார். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அவர் ஒரு தச்சர்.

இன்னொரு அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் இலகுவில் பதில் சொல்ல முடியவில்லை. 2009 இல் வன்னியில் கடைசிவரை நின்றவர். "தம்பி, ஆயுதத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப என்ர பிள்ளையின்ர கையில வில்லைக் குடுக்கச் சொல்லுறியளோ?" என்றார். நியாயமான கேள்வி. வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கோ அக்கா என்றேன். ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்தார். பதினாலு வயது மகன் ஆறு கிழமை பாடுபட்டு வில்லைச் செய்து முடித்தான். மைதானத்துக்குப் போக அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. நாண் கட்டாத அந்த வில் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருபவர்களிடம் "என்ர மகன் செய்தது" என்று அவரே காட்டுகிறார். அவர் எடுத்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

வர விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். இந்த நாட்டில் சாதாரண வில் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் வில்லால் மிருகங்களை வேட்டையாடுவதை 1981 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பூங்காவிலோ வீட்டின் பின்வளவிலோ எய்யாதீர்கள். வில்வித்தைக் கழகங்களில் தொடக்கநிலைப் பயிற்சி உண்டு, அங்கு போய்ப் பழகுங்கள். வெளியே கொண்டு போகும்போது நாணைக் கழற்றி உறையில் போட்டுக் கொண்டு போங்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் உடையும். மரத்தைச் சுரண்டும்போது தூசு மூக்கில் போகாமல் முகமூடி போடுங்கள். சிறுவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் வரவேண்டும்.

சேரரின் கொடியில் இருந்தது வில். ஊரில் ஈர்க்கில் அம்பு செய்து விளையாடாத பிள்ளையும் குறைவு. ஆகவே இது எமக்கு முழுவதும் புதிய விஷயம் அல்ல. உங்கள் ஊரில் இப்படியொரு வகுப்பு இருக்கிறதா என்று நூலகத்திலும் சமூக மண்டபத்து அறிவித்தல் பலகையிலும் பாருங்கள். வில் வகுப்பு இல்லாவிட்டால் தச்சு வகுப்பாவது இருக்கும். ஆங்கிலம் வராதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கையால் செய்கிற வேலைக்கு முதலில் கண் போதும், மொழி பிறகு வரும்.